எல்லாம் மாநிறம்

எடைக்காரருக்கு மொத்தச் சந்தையில் இன்னொரு பெயர் உண்டு: நடுமுள். வெங்காய மூட்டையோ உருளைக்கிழங்கு மூட்டையோ தராசில் ஏறிவிட்டால், விற்கிறவன் ஒரு பக்கம் இழுப்பான், வாங்குகிறவன் மறுபக்கம் இழுப்பான். இவர் மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு, "முள்ளு நடுவுல வரட்டும்" என்பார். வேறு பேச்சே கிடையாது. முள் ஆடி ஓய்ந்து நடுக்கோட்டில் நின்ற பிறகுதான் வாயைத் திறந்து எடையைச் சொல்வார். அவர் சொன்ன எடையை நம்பாமல் மறுபடி நிறுத்துப் பார்த்து அசடு வழிந்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் இப்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

தொழிலில் ஒட்டிய பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டதுதான் கோளாறு. அம்மாவுக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் முற்றிய காலத்தில், "ரெண்டு பேர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்று பொதுவாக ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஞாயம் ஒரு பக்கமாகவே மலைபோல் குவிந்து கிடந்த நாட்களிலும் அதே தீர்ப்புதான். எல்லாருக்கும் முதுகில் எலும்பு இருக்கிறது, இந்த மனுஷருக்கு மட்டும் தராசு முள் இருக்கிறது என்று மனைவி சொல்லுவார். அதிலும் ஞாயம் இருக்கிறது என்று இவர் ஒப்புக்கொள்வார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். ஊரோடு ஒத்து வாழ் என்று எடைக்காரரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். கட்டிய மனைவியைச் சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆசாமி நம்ம அத்தான்தான் என்று மச்சினன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சிஸ்டர் நல்ல கறுப்பு. அதைச் சொல்வதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சுற்றியிருந்தவர்களுக்குத்தான் சங்கடம். கல்யாணம் பேச வந்தபோது நடுவில் நின்ற தரகர், பெண் மாநிறம் என்று சொல்லி வைத்தார். கறுப்பு என்று சொல்ல வாய் வராதவர்கள் கண்டுபிடித்த சொல் அது. வந்து பார்த்த எடைக்காரரின் அம்மா, இது எந்த ஊர் மாநிறம் என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். கேட்டவர் கேட்டார், கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சொல் சிஸ்டரின் காதிலிருந்து இறங்கவே இல்லை.

படங்களும் அவருக்கு ஒத்துவந்ததில்லை. கல்யாணப் படத்தில் ஸ்டுடியோக்காரர் பவுடரை அப்பி, விளக்கை முகத்தில் அடித்து, பிறகு கையாலும் திருத்தி, ஒரு வெளுத்த பெண்ணை எடைக்காரர் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். "இது யாரு கல்யாணம்?" என்று சிஸ்டர் கேட்டார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார் எடைக்காரர். ஆஸ்பத்திரிக் குழுப்படங்களில் நேர்மாறு. வெள்ளைச் சுவர், வெள்ளை யூனிஃபார்ம், அதற்கு மேலே மைக்கறை போல ஒரு வட்டம். சிரித்திருந்தால் பல் தெரியும். சிரிக்காத வருஷம் அவர் லீவு என்றே நினைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறுகிறவர்களின் படத்தைப் பெரிதாக்கிப் பிரசவ வார்டின் நடையில் மாட்டுவார்கள். சிஸ்டரின் முறை வந்தது. படம் கேட்டார்கள். "என் யூனிஃபார்மை ஆணியில மாட்டிடுங்க, படத்துல வர்றதும் அது மட்டும்தானே" என்று அவர் சொல்ல, வார்டே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அதை எடைக்காரரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவினார்.

எடைக்காரர் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் பாதிப் பேர் பூமிக்கு வந்ததும் முதலில் பார்த்த முகம் இது. பெற்றவளைக்கூட அதற்கப்புறம்தான் பார்த்தார்கள். அந்த முகம் எப்படி இருந்தது என்று காட்ட உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆயுசு முழுக்க நிறுத்தவருக்கு இப்படி ஒரு குறை எடை தன் வீட்டிலேயே இருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

படத்தைத் தானே எடுப்பதாகச் சொன்னார். சிஸ்டர் ஈரக்கையோடு திரும்பிப் பார்த்தார்.

"எடுங்க. என்னை மாதிரி இருந்தா மாட்டச் சொல்றேன். இல்லைன்னா அந்த ஆணி சும்மாவே இருக்கட்டும்."

மச்சினன் புது கேமரா வாங்கியிருந்தான். பழைய டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து அத்தானின் கழுத்தில் மாட்டிவிட்டான். மேலே ஒரு வளையம், அதில் எழுத்துகள். பி என்ற எழுத்தில் வைத்திருப்பதாகவும், அப்படியே வைத்து அமுக்கினால் போதும் என்றும், எம் என்ற எழுத்துப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்க வேண்டாம், அங்கே போனால் எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான்.

எடைக்காரர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவின் துளையில் வைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் ஒரு சைபர், இடது கோடியில் கழித்தல் குறி, வலது கோடியில் கூட்டல் குறி. சைபருக்கு நேர் கீழே ஒற்றைக் கீற்று ஒன்று நின்றது.

"இதுக்குள்ள முள்ளு இருக்குதே" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அது வெளிச்சத்தை நிறுக்கிற முள் என்றான் மச்சினன், போன் பார்த்தபடியே. ஏதோ கொசுவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். எடைக்காரருக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. முதுகை ஒடிக்கிற மூட்டைகளையே நிறுத்து வந்தவர் அவர். கனமே இல்லாத, கையில் பிடிக்க முடியாத, ஜன்னலைச் சாத்தினால் காணாமல் போகிற வெளிச்சத்துக்கு எவனோ ஒரு தராசு செய்து, அதை உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். அவன் இருக்கிற திசை தெரிந்திருந்தால் கும்பிட்டிருப்பார். அன்று முழுக்கக் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. வாளியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சோற்றுப் பானையைப் பார்த்தார். முள் நடுவிலேயே நின்றது. நல்ல தராசு என்று நினைத்துக்கொண்டார்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் என்ன ஆகும் என்பது முதல் படத்திலேயே தெரிந்தது. சிஸ்டரை யூனிஃபார்மில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். முள் நடுவில் இருந்தது. அமுக்கினார். முகம் மறுபடியும் மைக்கறை. போதாக்குறைக்குச் சலவை யூனிஃபார்ம் அழுக்குத் தண்ணீரில் முக்கியதுபோல வந்திருந்தது. "ஆணி பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு சிஸ்டர் டியூட்டிக்குக் கிளம்பினார்.

சுவர்தான் கெடுக்கிறது என்று எடைக்காரருக்குத் தோன்றியது. அடுத்த நாள் கிட்டப் போனார். யூனிஃபார்மும் சுவரும் துளையில் தெரியாதபடி முகத்தை மட்டும் நிரப்பினார். முள் நடுவில் இருப்பதை உறுதி செய்துகொண்டு அமுக்கினார். இந்தத் தடவை முகம் பளிச்சென்று வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சினன் எட்டிப் பார்த்து, அக்கா என்ன கலரா இருக்கா என்று வியந்தான்.

சிஸ்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். சாம்பல் பூத்த கன்னம், தேய்ந்துபோன நெற்றி. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேமராவை மேஜை மேல் பூப்போல வைத்தார்.

"தரகர் சொன்ன பொண்ணு இவதான் போல. நல்லா இருக்கா. இத்தனை வருஷம் கழிச்சு உங்களுக்குக் கிடைச்சுட்டா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனதுதான் எடைக்காரரை அடித்துப் போட்டது. ஸ்டுடியோக்காரர் பவுடரால் செய்ததை இவர் முள்ளால் செய்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தை விடுமுறை நாளில், சிஸ்டர் டியூட்டிக்குப் போன பிறகு, ஜன்னலோரம் கேமராவோடு உட்கார்ந்தார். என்ன தப்பு என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. சும்மா துளை வழியாக அறையைச் சுற்றிப் பார்த்தார். இருட்டு மூலை. முள் நடுவில். வெயில் அடிக்கிற ஜன்னல். முள் நடுவில். அப்போதுதான் பொறி தட்டியது. எதை வைத்தாலும் நடுவிலேயே நிற்கிற முள்ளை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். சந்தையில் ஒரு வியாபாரி தராசின் அச்சில் தாரை உருக்கி ஊற்றி, முள்ளை அசையாமல் செய்து வைத்திருந்தான். ஆடுகிற முள்ளில் பொய் இருக்கலாம், உண்மையும் இருக்கலாம். ஆடவே ஆடாத முள்ளில் பொய் மட்டும்தான் இருக்கும் என்று சொல்லி அந்தத் தராசைத் தூக்கி எறிய வைத்தவரே இவர்தான்.

பெட்டியைச் சோதிக்கத் தீர்மானித்தார். சிஸ்டரின் கறுப்பு ஷூ ஒன்றைக் கட்டிலில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, துளை முழுக்க ஷூவின் தோல் மட்டுமே தெரிகிற மாதிரி ஒரு படம். அதே இடத்தில் வெள்ளைத் துண்டு, ஒரு படம். மூன்றாவதாக எதை வைப்பது என்று தேடியபோது, சந்தையில் கொடுத்த அவருடைய சாம்பல் நிற வேலைச்சட்டை கொடியில் தொங்கியது. அதையும் விரித்து ஒரு படம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் பார்த்தார்.

ஷூ சாம்பல். துண்டு சாம்பல். சட்டை சாம்பல்.

நம்பாமல் திரும்பவும் பார்த்தார். தையலையும் நூலையும் வைத்துத்தான் எது ஷூ, எது துண்டு என்று சொல்ல முடிந்தது. நிறத்தில் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"அடப்பாவி, உனக்கு உலகமே மாநிறமா?" என்றார் கேமராவைப் பார்த்து.

முதலில் அதை மோசடி என்றுதான் நினைத்தார். ஆனால் நினைக்க நினைக்கக் கோபம் கரைந்து ஒருவிதப் பிரமிப்பு வந்தது. எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்று இதற்குத் தெரியும், அச்சு அசலாகத் தெரியும். எதிலிருந்து வருகிறது என்று தெரியாது. நல்ல வெயிலில் இருக்கிற கறுப்பு ஷூவும் மங்கிய மூலையில் இருக்கிற வெள்ளைத் துண்டும் அதன் தட்டில் ஒரே கனம். எது எது என்று கேட்க அதற்கு வாய் இல்லை. ஆகவே வருவது எல்லாவற்றையும் மாநிறம் என்று வைத்துக்கொள்கிறது. கறுப்பைக் கண்டால் வெளிச்சம் குறைவு என்று பயந்து அள்ளி ஊற்றுகிறது. வெள்ளையைக் கண்டால் அதிகம் என்று பயந்து வடிகட்டிவிடுகிறது. தரகர் தெரிந்தே செய்ததை இது தெரியாமல் செய்கிறது. பாவம், இந்த இயந்திரம் பிறவியிலேயே நடுமுள்.

அந்தப் பெயர் மனதில் வந்ததும் அவருக்குச் சுருக்கென்றது. அம்மா வாசலில் நின்று கேட்டதும், பிறகு வருஷக் கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்ததும், ஒவ்வொரு தடவையும் தான் நடுவில் நின்றதும் வரிசையாக வந்தன. நடுவில் நிற்பதுதான் நியாயம் என்று நம்பியிருந்தார். நடுவில் நிறுத்தியே ஒருத்தியின் முகத்தை இல்லாமல் செய்யலாம் என்பது இந்தப் பெட்டி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

பிறகு சட்டையின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஷூ பொய், துண்டு பொய். சட்டை மட்டும் நிஜத்தில் எப்படியோ படத்திலும் அப்படியே இருந்தது. உலகத்தில் உண்மையிலேயே கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில், மாநிறமாக இருக்கிற பொருளுக்கு மட்டும் இந்த முள் உண்மை சொல்கிறது. அப்படியானால் இந்தச் சட்டைதான் எடைக்கல்!

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார் மனுஷர். தினம் காலையில் சந்தையில் அவர் முதலில் செய்கிற வேலையே அதுதான். முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்து முள்ளைச் சரிபார்ப்பார். அதற்குப் பிறகு தராசின் திருகாணியை யாரையும் தொட விடமாட்டார். மூட்டைக்குத் தகுந்தபடி தராசைத் திருகினால் அதற்குப் பேர் எடையா?

மேலிருந்த வளையத்தைத் திருகி எம் என்ற எழுத்தில் நிறுத்தினார். கண்ணை வைத்தார். உள்ளே முள் அசைந்தது. தாரிலிருந்து விடுபட்ட முள். கையைக் காட்டினால் ஓடியது, எடுத்தால் திரும்பியது. சட்டையைத் துளை நிறைய வைத்து, விரலுக்குக் கீழிருந்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தை மெல்ல உருட்டி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு சக்கரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டார். கேமராவை ஷூவின் பக்கம் திருப்பினார். முள் இடப்பக்கம் ஓடிக் கழித்தலில் போய் நின்றது. துண்டின் பக்கம் திருப்பினார். வலப்பக்கம் ஓடிக் கூட்டலில் நின்றது. இரண்டுக்கும் அப்படியே அமுக்கினார். படத்தில் ஷூ கறுப்பு, துண்டு வெள்ளை. எடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, ஷூவை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பழைய ஷூ இவ்வளவு கறுப்பாக இருப்பதைப் பார்த்து மனம் நிறையும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

சிஸ்டரின் கடைசி வாரத்தில், டியூட்டி மாறுகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரசவ வார்டின் நடையில் நீளமான ஜன்னல். வெளியே மேகம். வெயில் விழாத, சீரான வெளிச்சம் வெள்ளைச் சுவரில் படிந்திருந்தது. சிஸ்டர் வேண்டா வெறுப்பாக வந்து நின்றார். எடைக்காரர் பையிலிருந்து சட்டையை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"துவைச்சதா?" என்றார் சிஸ்டர் மூக்கைச் சுளித்து.

"துவைக்கலை. துவைச்சா வெளுத்துடும். கணக்கு மாறிடும்."

போகிற வருகிற நர்ஸுகள் எல்லாம் பார்க்க, புருஷனின் வியர்வைச் சட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார் சிஸ்டர். எடைக்காரர் கிட்டப் போய், துளை நிறையச் சட்டையை வைத்து, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். போதும், எடுத்துவிடு என்றார்.

சட்டை விலகியது. முகம் வந்தது. முள் இடப்பக்கம் இறங்கி நின்றது. அவர் மெல்லப் பின்வாங்கினார். வெள்ளை யூனிஃபார்ம் உள்ளே வந்தது, சுவர் வந்தது, முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் தான் இருக்கிற இடத்தைத் தானே சொல்லிக்கொண்டது. தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. அது எளிதாக இல்லை. ஆயுள் பழக்கம், விரல் தானாகச் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

சிஸ்டருக்கு இவரைத் தெரியாதா? சுவரில் சாய்ந்தபடி சீண்டினார்.

"என்ன, முள்ளு நடுவுல வந்துடுச்சா?"

"வரலை" என்றார் எடைக்காரர். விரலை எடுத்தார். "வர வேண்டாம்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று சிஸ்டர் கனவிலும் நினைத்ததில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எடைக்காரர் அமுக்கினார்.

திரையைத் தான் பார்க்காமலே கேமராவை நீட்டினார். பயம். சிஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார். பிறந்த பிள்ளையை வாங்கிக் கை கால் விரலெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். யூனிஃபார்ம் வெள்ளையாகவே இருந்தது, அதன் மடிப்புகள் தெரிந்தன. அதற்கு மேலே முகம். கறுப்பு. ஒரே கறுப்பாக இல்லை. கன்னத்து மேட்டில் ஜன்னலின் வெளிச்சம் வழுக்கி ஓடியது. கண்ணோரத்துச் சுருக்கங்கள், மேலுதட்டின் மச்சம், கண் விழித்தே கழிந்த ராத்திரிகள் இமைக்குக் கீழே விட்டுப்போன கருவளையம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கண் இரண்டும் எதிரே நிற்கிற ஆளை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

சிஸ்டர் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். உள்ளே வார்டில் ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு முதலில் திரும்புகிறவர் அன்று திரும்பவில்லை.

எடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சிஸ்டர் கேமராவை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். யூனிஃபார்மின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, ஆயுசில் எந்தப் படக்காரரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"இன்னொண்ணு எடுங்க. இதுல வாயைப் பொளந்துட்டு நிக்கறேன். ஆணியில மாட்டற படம், கொஞ்சம் சரியா இருக்க வேண்டாமா?"

எடைக்காரர் துளையில் கண்ணை வைத்தார். கண் கலங்கியிருந்ததால் முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அமுக்கினார்.